திருப்பிக் கொடுக்க வைத்திருந்த சவர்க்காரம்

காலையில் கொஞ்சம் உள்ளே போகாவிட்டால் என் கை நடுங்கும். இது எனக்குத் தெரியும், என் மனைவி பாக்கியத்துக்குத் தெரியும், எங்கள் சந்தில் முக்கால்வாசிப் பேருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கை ஒரு ஆமிக்காரரின் தொண்டையில் சவரக்கத்தியை வைத்துக்கொண்டு நடுங்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, நான் உட்பட.

கண்டி பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம் எனக்கு ஒரு சலூன். இரண்டு கதிரை, ஒரு நீளக் கண்ணாடி, மூலையில் ஒரு முருகன் படம். நேர் எதிரே தவறணை, அதுதான் சாராயக் கடை. வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. கலவரத்தில் ஒரு தடவை எரிந்து, மறுபடி எழுப்பிய கடை என்னுடையது. வருகிறவர்களில் பாதிப்பேர் பொலிஸ், இல்லாவிட்டால் ஆமி. அவர்களுடைய கழுத்தைத் தொட எனக்குத் தைரியம் வேண்டியிருந்தது. அது எதிர்க்கடையில் போத்தலில் கிடைத்தது. அப்படித்தான் ஆரம்பித்தது. தைரியத்துக்காகக் குடித்தது போய், கை நிற்க வேண்டுமே என்று குடிக்கிற நிலைமைக்குக் கடைசியில் வந்துவிட்டேன்.

முகாமிலிருந்து ஒரு கோப்ரல் வாரா வாரம் சவரத்துக்கு வருவார். அதிகம் பேசாத மனிதர். துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் வாசலில் நிற்பான். அன்றைக்குப் போயாவுக்கு மறுநாள். பௌர்ணமிப் போயா தினத்தில் தவறணை பூட்டு. வீட்டில் ஒளித்து வைத்திருந்ததும் தீர்ந்துவிட்டது. எதிர்க்கதவு எப்போது திறக்கும் என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருக்க, கோப்ரல் வந்து உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடிவிட்டார். நுரை பூசும்வரை சமாளித்தேன். கத்தி தொண்டைக்குழிப் பக்கம் போனதும் கை துள்ளியது.

சின்னக் கீறல்தான். ஆனால் வெள்ளை நுரையில் சிவப்பு எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டுமா? வாசலில் நின்றவன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். தமிழ்ச் சலூன்காரன் ஆமிக்காரன் கழுத்தை அறுத்தான் என்று ஒரு வரி வெளியே போனால் போதும், அந்தச் சந்தில் ஒரு தமிழ்க் கடையும் மிஞ்சாது. கோப்ரல் கண்ணாடியில் தன் கழுத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். "ஹெமின், அய்யே" என்றார். மெதுவாக அண்ணே என்று அர்த்தம். துவாலையை எடுத்துத் தானே துடைத்துக்கொண்டு, பாதிச் சவரத்தோடு எழுந்து போய்விட்டார்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இனிமேல் ஒரு சொட்டுக்கூட இல்லை என்று முருகன் படத்துக்கு முன்னால் சத்தியம் செய்தேன். உண்மையாகவே நிறுத்தினேன். பாழாய்ப்போன விஷயம் என்னவென்றால், அப்படி ஒரேயடியாக நிறுத்தியதுதான் என்னை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டது.

இரண்டு நாள் ஒன்றும் இறங்கவில்லை, தண்ணீர்கூட. வியர்த்துக் கொட்டியது. சட்டை மாட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே விழுந்து வெட்டி வெட்டி இழுத்தேனாம். எனக்கு ஞாபகமில்லை. நாக்கைக் கடித்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் என் கையில் சாவிக்கொத்தைத் திணித்திருக்கிறார்கள். பாக்கியம் ஒரு ஆட்டோவைப் பிடித்து, வழியில் மறித்த ஆமியிடம் தனக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல்லை, "லெடெக், லெடெக்", நோயாளி, நோயாளி என்று கத்திக்கொண்டே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வந்து சேர்த்தாள்.

வாட்டில் என்னைப் பார்த்த டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி. மெல்லிய உடம்பு, கண்டிப்பான குரல். இரத்தம் எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் பண்ணினார்கள், கண்ணை இழுத்துப் பார்த்தார்கள். ஈரல் வீங்கியிருக்கிறது, இன்னும் கல்லாகவில்லை என்றார். வலிப்பு ஏன் வந்தது என்று பாக்கியம் கேட்டாள்.

"ஒரு சுருள்கம்பிய வருஷக்கணக்கா அமத்திப் பிடிச்சுக்கொண்டிருந்தா, திடீரெண்டு கைய எடுக்க என்ன நடக்கும்? துள்ளும்தானே? அவற்ற மூளையச் சாராயம் அப்பிடித்தான் அமத்தி வைச்சிருந்தது. நிப்பாட்டினது நல்லது அம்மா. ஆனா எங்களிட்ட வந்து, மருந்தோட மெல்ல மெல்ல நிப்பாட்டியிருக்க வேணும்."

அன்று பின்னேரம் ஆட்களைப் பார்க்க விடும் நேரம். வாட் நிறையச் சனம். நான் பார்க்கிற எல்லோருடைய கழுத்திலும் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு. பக்கத்துக் கட்டில் கிழவருக்கு, அவருக்குச் சோறு கொண்டுவந்த மகனுக்கு, மருந்து வண்டி தள்ளுகிறவருக்கு. என் மகள் சுமதி, அப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, வெள்ளைச் சீருடையோடு வந்து என் காலடியில் நின்றாள். அவள் கழுத்திலும் அந்தக் கோடு இருந்தது. நான் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற ஆமிக்காரன் ஓடி வந்தான். என் இரண்டு கையையும் கட்டிலோடு கட்டினார்கள். இல்லாததெல்லாம் தெரிவது இந்த வியாதியில் சகஜம் என்று டொக்டர் பிறகு விளங்கப்படுத்தினார். சகஜமாம்! இன்றைக்கும் சுமதி கழுத்தை நிமிர்த்தினால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

கட்டை அவிழ்த்த நாளில் பாக்கியம் பக்கத்து மர வாங்கில் உட்கார்ந்து என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துப் பிடித்துவிட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. சாதாரணமாகப் பேசுகிற மாதிரிச் சொன்னாள்.

"ஏங்க, நா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. இனிமே ஒரு தடவ நீங்க குடிச்சீங்கன்னா, சுமதியக் கூட்டிக்கிட்டு நாவலப்பிட்டிக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். சண்ட புடிக்க மாட்டேன். போயிருவேன்."

பாக்கியம் கத்தினால் எனக்குப் பயமில்லை. கத்தாமல் சொன்னால்தான் பயம்.

வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் என்னைத் தன் கிளினிக்கில் சேர்த்தார். வாரத்தில் இரண்டு தரம் வர வேண்டும். அங்கே சிங்களச் சிஸ்டர் ஒருவர். டோர்ச் மாதிரி ஒரு சின்ன மெஷினை நீட்டி, "பிம்பின்ன" என்பார். ஊத வேண்டும். குடித்திருந்தால் எண் ஏறும், இல்லாவிட்டால் பூச்சியம். பூச்சியம் வந்தால், மேசையில் இருக்கிற கண்ணாடிப் பாத்திரத்தில் கையைவிட்டு ஒரு கடதாசித் துண்டு எடுக்கலாம். பாதித் துண்டுகளில் "சபாஷ்" என்று மட்டும் எழுதியிருக்கும். மற்றவற்றில் குளிக்கிற சவர்க்காரம், பிஸ்கட், தேயிலை, டோர்ச், குடை. ஒரே ஒரு துண்டில் மின்சார ஸ்திரிக்கைப் பெட்டி. அது அலுமாரிக்கு மேலே எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இருந்தது. தொடர்ந்து பூச்சியம் வந்தால் ஒவ்வொரு தரமும் ஒரு துண்டு கூடுதலாக எடுக்கலாம். எண் ஏறினாலோ வராமல் நின்றாலோ பழையபடி ஒரு துண்டுதான். வெளிநாட்டில் படிக்கும்போது இந்த முறையைப் பார்த்தாராம் டொக்டர். கடை முதலாளிமாரிடம் கேட்டுச் சாமான் சேர்த்திருந்தார்.

எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னங்க டொக்டர், பச்சப்புள்ளைக்கு டொபி, முட்டாய் குடுக்கிற மாதிரி!"

"ஓம், அப்பிடித்தான்" என்றார் அவர். "சாராயம் உங்களுக்கு உடன சந்தோசம் தருது. குடியாம இருக்கிறதுக்கு ஈரல் நன்றி சொல்ல வருசக்கணக்காகும். அதுவரைக்கும் உங்கட மூளைக்கு இண்டைக்கே கையில ஏதும் குடுக்க வேணும். வெக்கப்படாம எடுங்கோ."

கூடவே ஒரு மாத்திரையும் தந்தார். டைசல்பிரம் என்று பெயர். உடம்பு சாராயத்தைக் கரைக்கிற வேலையை இது பாதியில் மறித்துவிடும். மாத்திரை எடுக்கிறவன் ஒரு வாய் குடித்தாலும், பாதியில் நிற்கிற நஞ்சு இரத்தத்தில் ஏறி முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், பிரஷர் விழும், ஆளே போய்ச் சேரவும் கூடும். இருமல் பாணி மருந்துகூடத் தன்னைக் கேட்காமல் குடிக்கக்கூடாது என்று சொல்லித்தான் கையில் தந்தார். நான் அப்படியே வீட்டில் வந்து சொன்னேன். பாக்கியம் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

எனக்கு முதலில் விழுந்தது ஒரு சவர்க்காரம். பச்சைக் கடதாசி சுற்றியது. வீட்டுக்குக் கொண்டு வந்ததும் சுமதி பிரிக்கப் போனாள். பாக்கியம் பறித்து அலுமாரியில் வைத்தாள்.

"அத இப்ப பிரிக்கக் கூடாது. அப்பா மறுபடி குடிச்சிட்டா அவங்க திருப்பிக் கேப்பாங்க. அப்ப என்னத்தக் குடுக்கிறது?"

"சவுக்காரத்தப் போயி யாருடி திருப்பிக் கேப்பா?"

"ஆஸ்பத்திரிச் சாமான். கேப்பாங்க."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பிறகு விழுந்த சவர்க்காரங்கள், பிஸ்கட், தேயிலை எல்லாம் அதே அலுமாரியில் வரிசையாக ஏறின. பிஸ்கட்டையாவது தின்போம் என்று சுமதி அழுதாள். அதற்கும் அனுமதியில்லை. என்னை நம்பவில்லை என்பதை இதைவிட மரியாதையாக ஒரு மனுசி எப்படிச் சொல்ல முடியும்?

குடிக்காமல் இருந்த அந்த நாட்கள் குடித்த நாட்களைவிடப் பயங்கரமாக இருந்தன. வாயில் சாராயம் மணத்தால் சோதனைச் சாவடியில் சிரித்துவிட்டுப் போகச் சொல்வார்கள். குடிவெறிகாரத் தமிழனால் யாருக்கு என்ன ஆபத்து? இப்போது தெளிந்த கண்ணோடு, வியர்த்துப்போய், நடுங்குகிற கையால் அடையாள அட்டையை நீட்டினேன். ஏன் நடுங்குகிறாய், யாருக்குப் பயப்படுகிறாய் என்று சுவரோரம் நிறுத்தினார்கள். விட்டதும் கால் தானாகத் தவறணைப் பக்கம் திரும்பியது. வாசல்வரை போயும் விட்டேன். அலுமாரியில் இருந்த சவர்க்காரங்கள் ஞாபகம் வந்தன. எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போய்ச் சிஸ்டரிடம் எண்ணிக் கொடுக்கிற காட்சி கண்ணுக்குள் வந்தது. வெட்கக்கேடு, அதற்காகவே திரும்பி நடந்தேன்.

கோப்ரல் மறுபடி வந்தார். முடி மட்டும் வெட்டச் சொன்னார். கழுத்துப் பக்கம் வேண்டாம் என்று கையால் காட்டினார். தலையாட்டினேன்.

எனக்குப் பசியே இல்லாமல் உடம்பு மெலிந்துகொண்டு போனது. பாக்கியம் யாரிடமோ விசாரித்துக் கலகெதரவில் ஒரு வெதமாத்தயாவிடம், அதுதான் சிங்கள நாட்டு வைத்தியரிடம், போய் ஒரு கஷாயப் போத்தல் வாங்கி வந்தாள். பசி எடுக்கும், இரத்தம் ஊறும், சாப்பிட்ட பிறகு மூடியால் அளந்து குடிக்க வேண்டும். லேபல் சிங்களத்தில் இருந்தது. எங்கள் இருவருக்கும் வாசிக்க வராது. டொக்டர் சொன்னது எங்களுக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் சொன்னது மருந்தைப் பற்றி. மருந்து என்றால் எங்கள் அகராதியில் இங்கிலிஷ் மருந்து. இது வேரும் பட்டையும்தானே! வேரை எவன் டொக்டரிடம் கேட்டுக் குடிப்பான்?

அன்று கிளினிக் நாள். ஆஸ்பத்திரி வாசலில் பையைச் சோதித்த சிப்பாய் போத்தலைத் திறந்து மோந்து பார்த்தான். என்னைப் பார்த்துக் கண்ணடித்துச் சிரித்தான். சேட்டை என்று நினைத்தோம். உள்ளே வாங்கில் உட்கார்ந்து இடியப்பம் சாப்பிட்டேன். பாக்கியம் மூடியில் ஊற்றித் தந்தாள். இனிப்பும் கசப்புமாக ஒரு ருசி. பசி எடுக்கட்டும் என்று இன்னொரு மூடியும் தந்தாள். கொஞ்ச நேரத்தில் காது சுட்டது. பிறகு முகம். நெஞ்சு தட்டத் தொடங்கியது. என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"பிம்பின்ன" என்றார் சிஸ்டர். ஊதினேன்.

எண் ஏறியது. சிஸ்டர் மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கவலைதான் இருந்தது. கண்ணாடிப் பாத்திரத்தை மெல்ல மேசையின் அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் குடிக்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாந்திதான் வந்தது.

கட்டிலில் போட்டார்கள். மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்கியது. கழுத்து நரம்பு துடிப்பது எனக்கே கேட்டது. கையில் சேலைன் ஊசி, வாயில் ஒட்சிசன். பிரஷர் விழுகிறது, விழுகிறது என்று சிஸ்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். சாகப் போகிறேன் என்று நிச்சயமாக நினைத்தேன். சாவதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது: குடித்துத்தான் செத்தான் என்று பாக்கியம் காலம் முழுக்க நம்புவாள்.

டொக்டர் வந்து குனிந்தார். "உண்மையச் சொல்லுங்கோ. குடிச்சனீங்களோ?"

"இல்லைங்க."

"எண் பொய் சொல்லாது, அண்ணை. உங்கட உடம்பும் அதையேதான் சொல்லுது."

பாக்கியம் சுவரோரம் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. தலை சுற்றுகிறது என்று வராந்தாவுக்குப் போனாள். கொஞ்சத்தில் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"டொக்டரம்மா, இவரு பொழைச்சுக்குவாருல்ல?"

"பிழைப்பார். நாங்கள் பாத்துக்கொள்ளுறம்."

"அப்பச் சரி. நா போறேன். சவுக்காரமெல்லாம் பிரிக்காமத்தாங்க இருக்கு. நாளைக்கு மகளக் கூட்டிக்கிட்டு வந்து திருப்பிக் குடுத்திட்டு, அப்பிடியே ஊருக்குப் போறோம்."

டொக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. ஒட்சிசன் மூடியைப் பிடுங்கி எறிந்தேன். இருந்த கொஞ்ச மூச்சையும் கோபமாக்கிக் கத்தினேன்.

"மெசினுல கோளாறு! நா தொடல! நம்பலன்னா இவள ஊதச் சொல்லுங்க! பொறந்ததிலருந்து ஒரு சொட்டுத் தொடாதவ! ஊதச் சொல்லுங்க, பாப்போம்!"

"நீங்க சும்மா படுங்க" என்றார் சிஸ்டர், தனக்குத் தெரிந்த தமிழில்.

ஆனால் பாக்கியத்துக்கும் ரோசம் ஏறிவிட்டது. "குடுங்க அத" என்று மெஷினை வாங்கினாள். என்னை முறைத்துக்கொண்டே, பத்தினித் தெய்வம் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி ஊதினாள்.

எண் ஏறியது. என்னுடையதைவிடக் கூடுதலாக.

பாக்கியம் மெஷினை நெருப்புத் துண்டு போலக் கட்டிலில் போட்டாள். "ஐயோ அம்மா, நா இல்ல! சத்தியமா நா இல்ல!" என்று அழுதாள். நான் போட்ட அதே கூப்பாடு. டொக்டர் அவள் கையைப் பிடித்தார்.

"அம்மா, பயப்பிடாதேங்கோ. இப்ப வெளியில போய் என்ன குடிச்சனீங்கள்?"

"ஒண்ணுமில்லைங்க... தல சுத்துச்சு. இவரோட கஷாயத்துல ரெண்டு மொடக்குக் குடிச்சேன்."

போத்தல் பையிலிருந்து வெளியே வந்தது. சிஸ்டர் லேபலை வாசித்தார். "அரிஷ்ட" என்று தலையில் கை வைத்தார். டொக்டர் மோந்து பார்த்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"இது புளிக்க வைச்சு எடுக்கிற மருந்து அம்மா. புளிச்சா மதுசாரம் வரும். மற்ற ஆக்களுக்கு இது ஒண்டும் செய்யாது. குடிச்ச கையோட ஊதினா வாயில இருக்கிறதே மெசினில ஏறும், அதாலதான் உங்களுக்கும் காட்டினது. ஆனா இந்த மாத்திரை எடுக்கிறவருக்கு இது நஞ்சு."

இதை எழுத உட்கார்ந்ததே இந்த இடத்துக்காகத்தான். அந்த மாத்திரை எடுக்கிற யாராவது இதை வாசித்தால், வேர் பட்டை என்று பார்க்காதீர்கள். வாய்க்குள் போகிற எதையும் டொக்டரிடம் காட்டிவிட்டுக் குடியுங்கள்.

அன்று என்னை வாட்டில் வைத்துக்கொண்டார்கள். பாக்கியம் வாங்கை விட்டு எழும்பவில்லை. நானே என் கையால நஞ்சு குடுத்திட்டேனே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"விடுடி. இந்தக் கண்டியிலயே ஊதி மாட்டிக்கிட்ட பொம்பள நீ ஒருத்திதான்" என்றேன். அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டு, சிரித்ததற்காக என் தோளில் ஒரு அடி வைத்தாள். அடுத்த நாள் சிஸ்டர் கண்ணாடிப் பாத்திரத்தைக் கட்டிலுக்கே கொண்டு வந்தார். நான் குடிக்கவில்லை, ஆகவே கணக்கு அறுபடவில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். எனக்குச் "சபாஷ்"களும் இன்னுமொரு சவர்க்காரமும் விழுந்தன. அதுவும் பிரிக்கப்படாமலே அலுமாரிக்குப் போனது. நம்பிக்கை அவ்வளவு சீக்கிரம் வந்துவிடுமா?

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது. நான் கடை பூட்டி வந்ததும் பாக்கியம் வாசலில் நின்று, "ஊதுங்க" என்பாள். நான் அவள் முகத்தில் ஊதுவேன். "நீயும் ஊது, ஒன்னையும் நம்ப முடியாது" என்பேன். அவளும் ஊதுவாள், பூண்டு மணக்க. சுமதி தலையில் அடித்துக்கொள்வாள். சிரிப்புத்தான், ஆனாலும் அந்த மாதங்களில் ஒரு நாள்கூட விட்டதில்லை.

பல மாதம் கழித்து, ஒரு பின்னேரம் கோப்ரல் வந்தார். நாளைக்கு வடக்குக்குப் போகிறேன் என்றார். முடிதான் வெட்டச் சொல்வார் என்று நான் துணியைப் போர்த்த, அவர் தலையைப் பின்னால் சாய்த்தார். கழுத்தைத் தொட்டுக் காட்டினார். கண்ணை மூடினார்.

எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. நேர் எதிரே தவறணை திறந்திருந்தது. இரண்டு எட்டு வைத்தால் போதும். வாசலில் சிப்பாய், கையில் துப்பாக்கி. பழைய கீறல் மெல்லிய கோடாக அவர் கழுத்தில் இன்னும் இருந்தது. அன்று வாட்டில் எல்லோர் கழுத்திலும் பார்த்த அதே கோடு. முருகா என்று சொல்லிக் கத்தியை வைத்தேன். மேலிருந்து கீழே, ஒவ்வொரு இழுப்பாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு. கை நின்றது. பயம் நிற்கவில்லை, கை நின்றது.

முடிந்ததும் அவர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். என் கையையும் பார்த்தார். "ஹொந்தய், அய்யே" என்றார். நல்லது அண்ணே. போனார். பிறகு அவர் என் கடைக்கு வரவே இல்லை. என்ன ஆனார் என்று யாரிடம் போய்க் கேட்பது?

அவர் போன பிறகுதான் எனக்கு நடுக்கம் வந்தது, காலிலிருந்து தலைவரை. கடையைப் பூட்டி, தவறணைப் பக்கம் திரும்பாமல் வீட்டுக்கு நடந்தேன். வாசலில் பாக்கியம் நின்றாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கம்போல முகத்தை நீட்டிக்கொண்டு நின்றேன். என் நடுங்குகிற கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள்.

"கையக் கழுவிட்டு வாங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

குழாயடிக்குப் போனேன். கல்லின் மேல் புதுச் சவர்க்காரம் ஒன்று ஈரத்தோடு இருந்தது. பக்கத்தில் பச்சைக் கடதாசி கசங்கிக் கிடந்தது.

"பாக்கியம்! இது ஆஸ்பத்திரிச் சவுக்காரம்ல?"

"ஆமா" என்றாள் குசினிக்குள்ளிருந்து. "நல்லாத் தேச்சுக் கழுவுங்க. சோறு ஆறுது."